கடைசி நிலையத்துக்கு அப்பால்: புனே நகர ரயிலும் விளிம்புப் பகுதிகளின் கோரிக்கையும்

நகர ரயில் பாதையைத் திட்டமிடுவோர் எடுக்கும் முடிவுகளில் மக்களின் வாழ்வை மிக நேராகத் தொடுவது, பாதை எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதாகும். புனே மெட்ரோ ரயில் திட்டத்துக்கு 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, அதன் இரு வழித்தடங்களும் வடக்கே பிம்ப்ரி, தெற்கே ஸ்வார்கேட், மேற்கே வனாஸ், கிழக்கே ராம்வாடி ஆகிய நான்கு முனைகளில் நின்றுவிட்டன. அந்த நான்கு முனைகளுக்கும் அப்பால்தான் நகரம் மிக வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. நிக்டி, காத்ரஜ், வாகோலி, ஹடப்சர் போன்ற பகுதிகளின் மக்கள் பாதையைத் தங்கள் ஊர்வரை நீட்டிக்கக் கோரி அடுத்து வந்த ஆண்டுகளில் மேற்கொண்ட முயற்சி, புதிதாக முளைத்த ஒன்றன்று. தண்டவாளத்தின் பயன் தங்களையும் எட்ட வேண்டும் என்ற கோரிக்கை புனேயில் மெட்ரோவைவிடப் பழமையானது.

1858இல் கண்டாலாவிலிருந்து புனே வரை ரயில் பாதையைத் திறந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, அதை நகரவாசிகளின் அன்றாடப் பயணத்துக்காக அமைக்கவில்லை. பம்பாயையும் தக்காணத்தையும் இணைத்துச் சரக்கையும் படையையும் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். கல்யாண்–புனே பகுதி 1929இல் மின்மயமாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு டெக்கான் குவீன் ஓடத் தொடங்கியபோதும் பம்பாய்ப் பயணியே முதலிடம் பெற்றார். ஆனால் அப்பாதையின் இருமருங்கிலும் உழைப்பாளர் குடியிருப்புகள் பெருகின. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையும் தேஹு ரோட்டின் படைத்தளவாடக் கிடங்கும் தொலைதூர மாவட்டங்களிலிருந்து ஆட்களை ஈர்த்தன. இவ்விரு ஊர்களிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வேர் அந்தப் படைத்துறை வேலைகளில்தான் இருக்கிறது. விடுதலைக்குப் பின் பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் எழுந்தது. அறுபதுகளில் டெல்கோவும் பஜாஜும் வந்தன. ஆலைகளின் வேலைமுறை நேரத்துக்கு ஏற்ற வண்டி இல்லாத நிலையில், புனே–லோணாவளா இடையே மின்தொடர் வண்டி, அதாவது தனி இன்ஜின் இன்றிப் பெட்டிகளிலேயே மோட்டார் பொருத்திய 'லோக்கல்', ஓடத் தொடங்கியது 1978இல்தான். நூற்றிருபது ஆண்டுகள் பழமையான பாதையில் உள்ளூர்க்காரருக்கென்று ஒரு வண்டி கிடைப்பதற்கு இத்தனை காலம் பிடித்தது.

எதிர்த்திசையிலுள்ள டௌண்டு வழித்தடத்தின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. லோணி, உருளி, யவத், கேட்காவ் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் புனேக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் வந்துபோனவர்கள், லோணாவளாத் தடத்துக்கு நிகரான லோக்கல் சேவையைப் பல்லாண்டுகள் கேட்டுவந்தனர். அவர்களின் பயணிகள் சங்கங்கள் வலியுறுத்தியது வண்டியை மட்டுமன்று. தடத்தைப் 'புறநகர்ப் பிரிவு' என்று அறிவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டன. ரயில்வே கணக்கில் புறநகர்ப் பிரிவு என்பது குறைந்த கட்டணமும் மலிவான மாதாந்திரச் சீட்டும் கொண்ட வகைப்பாடாகும் என்பதால், அந்த ஓர் அறிவிப்பு கூலித் தொழிலாளியின் மாதச் செலவையே மாற்றக்கூடியது. 2017இல் அத்தடத்தின் மின்மயமாக்கல் முடிந்தும் மின்தொடர் வண்டி வரவில்லை. வழியிலிருந்த நிலையங்களின் நடைமேடைகள் அவ்வண்டியின் வாசலுக்கு ஒத்த உயரத்தில் இல்லாததே தடையாயிற்று. ஆகவே அவ்வாண்டு மார்ச் 25 அன்று மின்கம்பிகளுக்குக் கீழே டீசல் தொடர்வண்டி ஒன்று தொடங்கிவைக்கப்பட்டது. மின்கம்பி இழுக்கப் பணம் இருந்தும் நடைமேடையை உயர்த்தும் வேலை பின்தங்கியதிலிருந்து, அன்றாடப் பயணி திட்டமிடுவோரின் எண்ணத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்பது தெளிவாகிறது.

நகரின் தெற்குப் பகுதிக்கு அந்தப் பழைய தண்டவாளமும் வாய்க்கவில்லை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து முட்டா நதிக்கரைப் பேட்டைகளை வெள்ளம் அழித்தபின், வீடிழந்தோர் நகரின் விளிம்புகளில் குடியமர்த்தப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் பிப்வேவாடி, தன்கவாடி, காத்ரஜ் என்று தெற்கு நிரம்பிக்கொண்டே போனது. அங்குள்ளோருக்கு வாய்த்தது நகரப் பேருந்து மட்டுமே. 2006 டிசம்பரில் காத்ரஜ்–ஸ்வார்கேட்–ஹடப்சர் தடத்தில், பேருந்துக்கென்று தனிப்பாதை ஒதுக்கும் விரைவுப் பேருந்து முறை இந்தியாவிலேயே முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. நடைபாதை, சாலையைக் கடக்கும் வசதி, பேருந்துகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் நேர்ந்த குறைகளால் அம்முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அதன் தோல்வியே மெட்ரோவுக்கான வாதமாகப் பின்னாளில் பயன்படுத்தப்பட்டது வருந்தத்தக்கது. சரியாகச் செய்யப்படாத ஒரு முறையை, செய்யவே முடியாத முறையாகக் கருதிவிட்டார்கள்.

டெல்லி மெட்ரோ நிறுவனம் 2009இல் தயாரித்த விரிவான திட்ட அறிக்கை, அதாவது தடம், நிலையம், செலவு, பயணியர் மதிப்பீடு அனைத்தையும் உறுதிசெய்யும் அடிப்படை ஆவணம், நகரில் ஏழாண்டு விவாதத்தைக் கிளப்பியது. மேம்பாலத்தில் ஓட வேண்டுமா, நிலத்தடியிலா என்பதும், ஜங்லி மகாராஜ் சாலையைத் தவிர்த்து நதிப்படுகையில் தூண்களை நிறுத்தலாமா என்பதும் பெரும் சர்ச்சைகளாயின. நதிப்படுகைத் தடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 'பரிசர்' போன்ற அமைப்புகள், இதே பணத்தில் பேருந்தையும் நடைபாதையையும் மேம்படுத்தினால் அதிக மக்கள் பயனடைவர் என்று தொடர்ந்து வாதிட்டன. இவை யாவும் தகுதியான வாதங்களே. ஆயினும் பேச்சு பெரும்பாலும் நகர மையத்தைச் சுற்றியே நடந்தது. பாதை முடியும் இடங்களுக்கு அப்பால் இருந்தவர்களின் குரல் அந்த ஏழாண்டுகளில் போதிய அளவு பதிவாகவில்லை.

அக்குரலை முதலில் ஒழுங்குபடுத்தி எழுப்பியவர்கள் நிக்டிப் பகுதியினர். 2011 கணக்கெடுப்பில் பதினேழு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகரில், பாதை மாநகராட்சி அலுவலக வாசலோடு நின்றதால் சிஞ்ச்வாட், ஆகுர்டி, நிக்டி ஆகிய அடர்ந்த பகுதிகள் விடுபட்டன. பிம்ப்ரி-சிஞ்ச்வாட் சிட்டிசன்ஸ் ஃபோரம் என்னும் குடிமக்கள் அமைப்பு கையெழுத்து இயக்கத்தாலும் மனுக்களாலும் முதல் கட்டத்திலேயே நிக்டியைச் சேர்க்க வலியுறுத்தியது. நீட்டிப்பு வெறும் 4.4 கி.மீ.தான், ஆனால் 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி அதற்கும் தனித் திட்ட அறிக்கை வேண்டும், மாநகராட்சி, மாநில அரசு, மத்திய அரசு என்று ஒவ்வொரு படியிலும் தனி ஒப்புதல் வேண்டும். 910 கோடி ரூபாய் மதிப்பிலான அந்த நீட்டிப்புக்கு 2023 அக்டோபரில்தான் மத்திய ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் பிம்ப்ரி–புகேவாடி இடையே வண்டி ஓடத் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

தெற்கில் நடந்தது இதனினும் நுணுக்கமானது. ஸ்வார்கேட்டிலிருந்து காத்ரஜ் வரை 5.46 கி.மீ. நிலத்தடிப் பாதைக்கு 2024 ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் கிடைத்து, செப்டம்பர் 29இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அந்நீளத்துக்கு மார்க்கெட் யார்டு, பத்மாவதி, காத்ரஜ் என மூன்றே நிலையங்கள். சராசரியாக ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. காலடியில் மெட்ரோ ஓடியும் ஏறி இறங்க இடமில்லாத நிலை பாலாஜிநகர், பிப்வேவாடிக் குடியிருப்புகளுக்கு நேரவிருந்தது. அவர்கள் நிலையம் கேட்டனர். 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை இரண்டு நிலையங்களைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டது. இத்திருத்தங்களுக்கு 683 கோடி ரூபாய் தனியாக ஒதுக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே அப்பகுதியினரைக் கேட்டிருந்தால் வரைபடத்தைத் திருத்தும் உழைப்பும் காலமும் மிஞ்சியிருக்கும்.

கிழக்கே வாகோலியின் நிலை நிர்வாக அமைப்பினாலேயே சிக்கலாயிற்று. நெடுங்காலம் கிராமப் பஞ்சாயத்தாக இருந்தவாறே அடுக்குமாடிகளால் நிரம்பிய அவ்வூர் 2021 ஜூன் இறுதியில் மற்ற 22 கிராமங்களோடு புனே மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, ஏறத்தாழ நான்காண்டுகள் தேர்தலின்றி நிர்வாக அதிகாரியின் கீழ் மாநகராட்சி இயங்கியது. அதனால் சாலைக்கும் குடிநீருக்கும் ரயிலுக்கும் கேட்டுப் போராட வேண்டிய அக்காலத்தில், வாகோலியினருக்குத் தங்கள் வார்டு உறுப்பினர் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. வீட்டுச் சங்கங்களே சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. வனாஸ்–சாந்தனி சௌக், ராம்வாடி–வாகோலி நீட்டிப்புகளுக்கு, மொத்தம் 12.75 கி.மீ.க்கு, 3,626 கோடி ரூபாய்ச் செலவில் 2025 ஜூன் 25 அன்று ஒப்புதல் கிடைத்தது.

மெட்ரோவுக்காகவே இடம்பெயர்ந்தவர்களை இவ்வரலாற்றில் விட்டுவிட இயலாது. சிவாஜிநகர் நீதிமன்றத்தை ஒட்டி, இரு தடங்களும் சந்திக்கும் நிலையத்துக்காகக் காம்கார் புத்தளா முதலிய குடிசைப் பகுதிகள் அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் ஹடப்சர், விமான்நகர் அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டனர். வேலையிடத்துக்கு நடந்தே போனவர்கள், மாற்றத்தின் பின் பேருந்துக்குச் செலவிட வேண்டியவர்களாயினர். ஹடப்சருக்கோ மெட்ரோ இல்லை. அங்கு யார் பாதை அமைப்பது, புனே மெட்ரோவை அமைத்துவரும் மகா மெட்ரோ நிறுவனமா, ஹிஞ்சவாடி வழித்தடத்தைச் செயல்படுத்தும் பெருநகர வளர்ச்சி ஆணையமா என்பதே நெடுநாள் இழுபறியாக இருந்தது. இத்தகைய காத்திருப்பு புனேக்கு மட்டும் உரியதன்று: சென்னையில் வண்ணாரப்பேட்டையோடு நின்ற தடம் விம்கோ நகரை எட்டியது 2021 பிப்ரவரியில். ஆலைத் தொழிலாளர் மிகுந்த வடசென்னையும் காத்திருந்தே பெற்றது என்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.

2025 நவம்பர் 26 அன்று கராடியிலிருந்து ஹடப்சர், ஸ்வார்கேட் வழியாகக் கடக்வாஸ்லா செல்லும் தடமும், நள் ஸ்டாப்–வார்ஜே–மாணிக்பாக் கிளையும் சேர்ந்து 31.6 கி.மீ.க்கு, 28 நிலையங்களுடன், 9,858 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவற்றோடு, லோணாவளாத் தடத்தில் மூன்றாவது, நான்காவது தண்டவாளங்களுக்கு மாநில அரசு 2025இல் இசைவளித்தது. தொலைதூர ரயில்களுக்கு வழிவிட்டு லோக்கல் காத்து நிற்பதும், நண்பகலில் பல மணி நேரம் வண்டியே இல்லாதிருப்பதும் அத்தடத்துப் பயணிகளின் நெடுநாளைய முறையீடு. கூடுதல் தண்டவாளங்கள் வரும்வரை கட்கி, தேஹு ரோடு, தளேகாவ் மக்கள் அந்த இரண்டு தண்டவாளங்களையே நம்பியிருக்கிறார்கள்.