உருளைத் தளர்ச்சியும் வரலாற்றுச் சான்றும்

பழைய படைக்கலமொன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் அதன் இலக்கத்தையும் முத்திரையையும் மாத்திரம் நோக்கி அமைதல் போதாது. உறுப்புகளின் தேய்வும் ஒரு சாசனமே. றிவோல்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியில் அச்சாசனத்தைத் தெளிவாகக் காணுமிடம், மருந்தும் குண்டும் இடும் அறைகளைக் கொண்ட உருளையாகும்.

1836 ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சாமுவேல் கோல்ற் என்பார், குதிரையைப் பின்னிழுத்த அளவிலே உருளை ஓரறை சுழன்று நிற்க, கீழிருந்து எழும் தாழ் அதன் பள்ளத்திற் பொருந்திப் பூட்டும் வகையை அமைத்தார். அறையின் வாயும் குழலின் வாயும் நேர்ப்பட்டாலன்றிக் குண்டு செவ்வே செல்லாது. ஆகலின் அப்பூட்டே அக்கருவியின் உயிர்நிலை. அவருடைய 1851 ஆம் ஆண்டு ‘நேவி’ வகையிலோ உருளைக்கு மேலே சட்டமில்லை. குழலை நடு அச்சுடன் பிணைப்பது ஓர் ஆப்பே. அதே ஆண்டில் இலண்டன் மாபெருங் கண்காட்சியில் அவருக்குப் போட்டியாக நின்ற றொபேட் அடம்ஸ், சட்டகத்தையும் குழலையும் ஒரே இரும்பில் அமைத்திருந்தார். 1873 ஆம் ஆண்டுப் படைத்துப்பாக்கியில் கோல்ற் நிறுவனமும் மேற்சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

‘நேவி’ வகையின் தளர்ச்சியை இருவகையாகப் பகுத்தல் தகும். அறைகள் யாவும் வெறுமையெனத் தெளிந்த பின்னர், குதிரையை முற்றாகப் பின்னிழுத்து நிறுத்தி, உருளையை விரலாற் பக்கவாட்டில் மெல்ல அசைத்தல் வேண்டும். ஆறறைகளிலும் அசைவு ஒத்திருப்பின் தாழ் தேய்ந்திருத்தல் கூடும். ஓரிரண்டில் மாத்திரம் மிகுந்திருப்பின் அவ்வறைகளுக்குரிய பள்ளங்களே சிதைந்தன எனலாம். முன்பின்னாக அசைதல் வேறு. அதற்கு ஆப்பின் தளர்வை முதலில் ஆராய்தல் வேண்டும். குதிரை பாதியளவில் நிற்கும்போது உருளை தடையின்றிச் சுழல்வது குறையன்று. மருந்திடுதற் பொருட்டு அவ்வாறு அமைக்கப்பட்டது.

தளர்ந்த உருளையைக் கண்டவுடன் ‘போரிற் பயின்றது’ எனத் துணிதல் பொருந்தாது. ஒருமுறையேனும் வெடிக்காது குதிரையைப் பலகாலும் இழுத்து விளையாடினும் தாழும் பள்ளமும் தேயும். உருளையைச் சுற்றித் தாழ் உராய்ந்த கோடும் அதற்கே சான்று. வெடித்தமையைக் காட்டும் தடயம், கருமருந்தின் எச்சம் அரித்த குழலினுள்ளும் வெடிமூடி பொருத்தும் முளைகளைச் சூழ்ந்தும் தேடத்தக்கது.

புதுத் தாழும் புத்தாப்பும் இட்டுத் தளர்ச்சியைப் போக்குவோர் கருவியைச் செப்பஞ் செய்கின்றனர். ஆயின் சான்றை அழிக்கின்றனர். நூதனசாலைக்குரிய பொருளாயின் தளர்ச்சியை அளந்து குறித்து, அவ்வாறே விடுதல் வரலாற்று மாணாக்கர் கடனாகும்.