இருபத்தைந்து வருடம் காத்திருந்த பாட்டில்



"வெள்ளி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேணும். நீ ஹிஸ்டரி படிச்சவன், சரித்திரமா ஏதாவது எழுதிக் குடு" என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. கல்வெட்டு, செப்பேடு பற்றி எழுத நம் துறையிலேயே என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வேறொரு சரித்திரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இது ஒரு மதுபானத்தின் சரித்திரம். கல்லூரி மலரில் இதெல்லாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். கடைசி வரி வரை படியுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

நாம் 1999-இல் டிகிரி முடித்து வெளியே வந்தோம். அதே 1999-இல், இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில் உள்ள டார்செஸ்டர் என்ற சின்ன ஊரில், ஒரு ஆலை 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்' என்ற பானத்தைக் கடைசி முறையாகக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தது. இருபத்தைந்து வருடம் வரை வைத்திருக்கலாம், வைக்க வைக்க ருசி கூடும் என்பது அதைச் செய்தவர்கள் சொன்ன கணக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நமக்கும் இருபத்தைந்து, அதற்கும் இருபத்தைந்து!

நான்-டீடெயிலில் வந்த ஊர்

டார்செஸ்டர் நமக்குப் புதிய ஊர் அல்ல. இங்கிலீஷ் நான்-டீடெயிலில் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' சுருக்கப் பதிப்பைப் படித்தோமே, அந்த காஸ்டர்பிரிட்ஜ்தான் டார்செஸ்டர். தாமஸ் ஹார்டி (1840 – 1928) அந்த ஊருக்குப் பக்கத்தில் பிறந்து, அந்த ஊரிலேயே வீடு கட்டி வாழ்ந்து, அங்கேயே இறந்தவர். அவருடைய சாம்பல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. இதயத்தை மட்டும் தனியே எடுத்து, சொந்த ஊர்ப் பக்கம் ஸ்டின்ஸ்ஃபோர்டில் புதைத்தார்கள்.

அவர் 1880-இல் வெளியிட்ட 'தி டிரம்பெட் மேஜர்' என்ற நாவலில், அந்த ஊரின் ஸ்ட்ராங் பீரைப் பற்றி நிறம், மணம், வீரியம் என்று ரசித்து ரசித்து வர்ணித்திருப்பார். அவர் இறந்த நாற்பதாம் ஆண்டான 1968-இல் டார்செஸ்டரில் நினைவு விழா எடுத்தார்கள். உள்ளூர் எல்ட்ரிட்ஜ் போப் ஆலைக்காரர்கள், 'நாவலில் எழுதியபடியே ஒரு ஏல் காய்ச்சிப் பார்த்தால் என்ன' என்று இறங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்த ஏல். லேபிளில் அந்த நாவலின் வரிகள், எந்த வருடத்துச் சரக்கு என்ற விவரம், ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனி எண். ஆல்கஹால் ஏறக்குறைய 12 சதவீதம். இங்கிலாந்தில் சாதாரணமாகக் குடிக்கும் பிட்டர் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதைப்போல மூன்று மடங்கு!

முதல் பால், இரண்டாம் பால்

பீர் என்பது பொதுப்பெயர். அதில் லாகர், ஏல் என்று இரண்டு பெரிய வகைகள். நம் ஊர்க் கடைகளில் விற்பது பெரும்பாலும் லாகர். அது குளிர்ச்சியில் மெதுவாக நுரைத்து உருவாவது. ஏல், 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் நுரைப்பது. அதனால்தான் அதில் பழ வாசனை தூக்கலாக இருக்கும்.

செய்முறை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பார்லியை ஊறவைத்து முளைகட்டி, சூட்டில் உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஊறவைத்தால், மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பார்கள். சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றும்.

இதில் 'ஸ்ட்ராங்' எங்கிருந்து வருகிறது? நம் வீடுகளில் தேங்காய்ப் பால் எடுக்கிறோம் இல்லையா, முதல் பால் கெட்டி, இரண்டாம் பால் தண்ணி. அதே கதைதான். பழைய நாளில் ஒரே மால்ட்டிலிருந்து முதலில் வடித்த கெட்டிச் சாற்றில் ஸ்ட்ராங் ஏல் காய்ச்சினார்கள். இரண்டாவது வடித்ததில் சாதாரண பீர். கடைசியில் வருவது 'ஸ்மால் பீர்'. அது வேலைக்காரர்களும் பிள்ளைகளும்கூடக் குடிக்கிற அளவுக்கு மெலிசானது. முதல் பால் எப்போதும் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆகவே அது எஜமானனின் மேஜைக்கும் விசேஷ நாட்களுக்கும் போயிற்று.

அக்டோபர் சரக்கு

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய கிராமத்து மாளிகைகளில் சொந்தமாகவே காய்ச்சும் கூடங்கள் இருந்தன. ஃபிரிட்ஜ் இல்லாத காலம், கோடையில் காய்ச்சினால் புளித்துக் கெட்டுவிடும். அதனால் அறுவடை முடிந்து புது பார்லி வந்து, குளிர் தொடங்கும் அக்டோபரில் காய்ச்சினார்கள். நம் பாட்டிமார் வெயில் காலத்தில் வருஷ ஊறுகாய் போடுவதைப் போல, எதற்கும் ஒரு பருவம் உண்டு. இந்த 'அக்டோபர் பீர்' பீப்பாயில் ஒரு வருடமாவது கிடக்கும். மேலேயும் போகும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வீட்டுக்கு வாரிசு பிறந்தால் மிக ஸ்ட்ராங்காக ஒரு ஏல் காய்ச்சி மூடிவிடுவார்கள். பிள்ளைக்கு 21 வயது நிறைந்து மேஜராகும் நாளில்தான் அதைத் திறப்பார்கள். காய்ச்சியவரே திறக்கும்போது உயிரோடு இருப்பாரோ இல்லையோ! பர்ட்டன் நகரத்து பாஸ் கம்பெனி, பங்குதாரரான ராட்கிளிஃப் குடும்பத்தில் குழந்தை பிறந்ததற்காக 1869-இல் இப்படி ஒரு ஏல் காய்ச்சியது. அந்தப் பாட்டில்களில் சில 2006-இல் அங்குள்ள நிலவறையில் அகப்பட்டன. 137 வருடம் கழித்துத் திறந்து ருசி பார்த்தார்கள். குடிக்கிற பக்குவத்தில்தான் இருந்தது.

பிரான்சோடு சண்டை வந்து ஒயின் வரத்து தடைப்பட்ட காலங்களில், பணக்கார வீடுகளில் ஒயினுக்குப் பதிலாக இந்த ஏலையே சின்னக் கிளாஸ்களில் பரிமாறினார்கள். பிற்பாடு இதற்கு 'பார்லி ஒயின்' என்றும் பெயர் வந்தது. கப்பலேறி கல்கத்தாவுக்கும் நம் மதராஸ் துறைமுகத்துக்கும் வந்த பேல் ஏல் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அது வேறு கதை.

முதல் உலகப் போர் வந்தது. தானியத் தட்டுப்பாட்டால் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது, பீரின் வீரியம் பொதுவாகவே இறங்கியது. போர் முடிந்தும் பழைய நிலைக்கு அது திரும்பவில்லை. வருடக்கணக்கில் சரக்கை முடக்கிவைக்க எந்த வியாபாரிக்குத்தான் பொறுமை? அந்த நிலைமையில் 1968-இல் ஒரு சின்ன ஊர் ஆலை, கால் நூற்றாண்டு வைத்திருங்கள் என்று சொல்லி ஒரு பாட்டிலை விற்றது துணிச்சல்தான்.

பாட்டில் இருந்தது, ஆலை இல்லை

2024 அக்டோபரில் வேலை விஷயமாக இங்கிலாந்து போயிருந்தேன். நம் பேட்ச் நண்பர் ஒருவர் போர்ன்மத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலேறி டார்செஸ்டர் சவுத் ஸ்டேஷனில் இறங்கினோம். ஸ்டேஷனை ஒட்டியே பழைய ஆலையின் செங்கல் கட்டடம் நிற்கிறது. சார்லஸ், சாரா எல்ட்ரிட்ஜ் தம்பதியர் 1837-இல் தொடங்கிய தொழில். கணவர் போனபிறகு சாரா அம்மையார் நடத்தி, பிற்பாடு போப் சகோதரர்கள் கைக்கு வந்து வளர்ந்தது. 2003-இல் மூடிவிட்டார்கள். இப்போது அந்த வளாகத்துக்கு 'ப்ரூயரி ஸ்கொயர்' என்று பெயர். வீடுகள், கடைகள், சினிமா தியேட்டர். ஹார்டிஸ் ஏலின் பெயர் கைமாறி, டெவனில் ஒரு சின்ன ஆலை 2003 முதல் சில வருடம் காய்ச்சியது. பிறகு மறுபடி கைமாறியது. ஆனால் டார்செஸ்டர் தண்ணீரில் காய்ச்சியது 1999-ஓடு சரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நண்பர் அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். லேபிளில் 1999. "எத்தனை வருஷமா வெச்சிருக்கே?" என்றேன். "பதினாறு வருஷம். நம்ம பேட்ச் ஆளு யாராவது வந்தா திறக்கலாம்னு" என்றார்.

ருசி பார்க்கும் முறையை அவரிடம்தான் கற்றேன். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார். உள்ளே உயிருள்ள ஈஸ்ட் அடைபட்டிருப்பதால் அடியில் வண்டல் இருக்கும், அது படிய வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. ஐஸ் மாதிரி குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் எழும்பாது. 13 டிகிரியை ஒட்டி, நம் ஊர்ப் பானைத் தண்ணீரைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால் போதும். வாய் குறுகிய சின்னக் கிளாஸ்கள் நான்கு: அவர், அவர் மனைவி, பக்கத்து வீட்டு ஆங்கிலேயர், நான். ஆட்டாமல் சாய்த்து ஊற்றினார். ஆளுக்கு ஒரு டபரா அளவுகூட இல்லை. வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டார்.

நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் கருஞ்சிவப்பு. நுரை அநேகமாக இல்லை. முகர்ந்தபோது முதலில் கருப்பட்டிப் பாகு, அப்புறம் உலர்திராட்சை, பேரீச்சை, பழைய மரப்பெட்டி. ஒரு மிடறு எடுத்து உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவவிட வேண்டுமாம். முன்னால் இனிப்பு, நடுவில் கிறிஸ்துமஸ் பிளம் கேக், கடைசியில் மெல்லிய கசப்பு. வயதான ஏலில் ஹாப்ஸின் கசப்பு அடங்கிவிடும். மூடி வழியாக அணு அணுவாக உள்ளே போகும் காற்று, ஷெர்ரி ஒயின் போன்ற ஒரு சுவையைத் தந்துவிடும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி முகர்ந்தால், கை சூட்டில் வேறு வாசனை! அந்தச் சிறு கிளாஸ் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. ரெண்டாவது ரவுண்டு என்ற பேச்சே எழவில்லை. இருந்ததே அவ்வளவுதான்.

வராத நண்பன்

அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசியது பெரும்பாலும் ஒருவனைப் பற்றி. பெயர் சொல்லவில்லை, நம் பேட்ச்சுக்குத் தெரியும். ஹாஸ்டல் இரண்டாம் மாடியில் எனக்கு எதிர் அறை. 'மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' கதையை நடித்தே காட்டுவான். குடிபோதையில் சந்தையில் பெண்டாட்டியை 5 கினிக்கு விற்ற ஹென்சார்ட், மறுநாள் காலை தெளிந்து, தன் வயசுக்குச் சமமாக 21 வருடம் மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிற இடத்தில் அவன் குரல் தழுதழுக்கும். நாங்கள் விசில் அடிப்போம். 2017-இல், 39 வயதில், ஈரல் கெட்டு அவன் போய்ச் சேர்ந்தான். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஹென்சார்ட் 21 வருடமும் வாக்கைக் காப்பாற்றினான். கெடு முடிந்த நாளே மறுபடி குடித்தான், கெட்டான். சத்தியம் அவனுக்குக் குடியை நிறுத்தக் கற்றுக்கொடுத்தது, தன்னை ஆளக் கற்றுக்கொடுக்கவில்லை. நம் நண்பன் விஷயத்தில் நாங்கள் அந்த அளவுகூடச் செய்யவில்லை. அவன் மளமளவென்று ஊற்றிக்கொள்வதைப் பார்த்து, 'கெட்டிக்காரன்டா' என்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன். இருபத்தைந்து வருடம் கழித்து, போர்ன்மத்தில், ஒரு சின்னக் கிளாஸை ஒரு மணி நேரம் வைத்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அவன் குடித்தான், நாங்களும் குடித்தோம். ஒருவரும் ஒருநாளும் ருசி பார்க்கவில்லை. ருசி பார்க்கிறவனுக்கு நேரம் வேண்டும், கூட ஆள் வேண்டும், போதும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

தம்பி தங்கைகளே, நம் மாநிலச் சட்டப்படி 21 வயது நிறையாதவர்களுக்கு மது கிடையாது. நிறைந்தபிறகும் தொடாமலே இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஏல் அல்ல, அந்தக் காத்திருப்பு. நண்பன் ஒருவன் வேகமாகப் போகிறான் என்றால், கை தட்டாமல் கையைப் பிடியுங்கள். எங்களுக்கு அதைச் சொல்ல அப்போது ஆள் இல்லை.

என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழா முடிந்த மறுநாள் காலை, அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று நாங்கள் நாலு பேர் முடிவு செய்திருக்கிறோம். மூத்த பெண் பிளஸ் டூ முடித்து நம் கல்லூரியிலேயே சேர ஆசைப்படுகிறாளாம், ஹிஸ்டரிதான் வேணுமாம். வண்டியில் இடம் இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் விழா அன்று மலர் வாங்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். பாட்டிலில் அடைத்து வைத்தது மட்டும்தான் இருபத்தைந்து வருடம் நிற்கும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வாழ்க நம் கல்லூரி!

– வரலாற்றுத் துறை முன்னாள் மாணவன், 1996 – 99