கேப் டவுன் ஆட்டம் எதற்குச் சான்று? நட்சத்திர வீரரும் தேசிய அணிப் பயிற்சியாளர் பதவியும்

2010 ஜூலை 3 அன்று கேப் டவுனில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனி 4-0 என்ற கோல் கணக்கில் அர்ஜென்டினாவை வென்றது. தோற்ற அணியின் பயிற்சியாளர் டியேகோ மரடோனா. பெரும் ஆட்டக்காரரிடம் தேசிய அணியை ஒப்படைக்கலாகாது என்று வாதிடும் எழுத்துகளில் பெரும்பாலானவை சுற்றி வளைத்து இந்த ஆட்டத்துக்கே வந்து சேர்கின்றன. பிறவித்திறன் உள்ளவருக்குத் தான் செய்ததைப் பிறருக்கு விளக்கத் தெரியாது, களத்தில் தன்னிச்சையாக இயங்கியவருக்கு அணியைத் திட்டமிட்டு அமைக்க வராது, அதற்கு அந்த நான்கு கோல்களே சாட்சி என்பது அவ்வெழுத்துகளின் வாதம். ஆட்டத்தைப் படிக்காமல் முடிவை மட்டும் படித்ததால் விளைந்த வாசிப்பு இது என்று கருதுகிறேன். நிமிட வரிசையிலும், இரு தரப்புப் பயிற்சிக் குழுக்களின் வரலாற்றோடு சேர்த்தும் படித்தால், அதே ஆட்டம் இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சியாக மாறுகிறது.

முதலில் கோல்கள் விழுந்த நேரங்கள். ஷ்வைன்ஸ்டைகரின் ஃப்ரீகிக்கைத் தாமஸ் முல்லர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளியது 3ஆம் நிமிடத்தில். அடுத்த கோல் 68ஆம் நிமிடத்தில்தான் வந்தது; அடித்தவர் குளோசே. 74இல் ஃப்ரீட்ரிஷ், 89இல் மீண்டும் குளோசே. அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆட்டம் ஒரே கோல் இடைவெளியில் நின்றது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் முன்னேறி நெருக்கியது அர்ஜென்டினா. நெருக்கத் தெரியாத அணியல்ல அது. நெருக்கும்போது தனக்குப் பின்னால் திறந்துவிடும் வெளியைக் காக்க ஆளில்லாத அணி.

ஆளில்லாமல் போனது எப்படி? அன்றைய தொடக்க அணியில் தற்காப்பு நடுகளம் முழுவதும் மாஷெரானோ ஒருவர் பொறுப்பில் இருந்தது. அவருக்கு இருபுறமும் இருந்த மாக்சி ரொட்ரீகஸும் டி மரியாவும் இயல்பில் முன்னேறி ஆடுபவர்கள். அவர்களுக்கு முன்னே மெஸ்ஸி, டெவெஸ், இகுவைன். எதிரே ஷ்வைன்ஸ்டைகரும் கெதிராவும் இணையாக நின்றார்கள். இடைவெளிகளில் ஓசில் உலவினார். ஒருவர் இருவரைத் தடுக்கலாம், மூவரைத் தடுக்க முடியாது. மூன்றாவது கோலுக்கு முன் ஷ்வைன்ஸ்டைகர் இடப்புறத்தில் தற்காப்பாளர்களைக் கடந்து பெனால்டி பகுதிக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்தச் சிக்கல் கேப் டவுனில் முளைத்ததன்று. முந்தைய சுற்றில் மெக்சிகோவை 3-1 என வென்றபோது ஆடியதும் இதே பதினொருவர்தான். அந்த வெற்றி குறையை மறைத்துவிட்டது. குறையை நீக்கும் ஆட்கள் நாட்டில் இல்லாமலும் இல்லை. 2010 மே மாதம் இன்டர் மிலானுடன் சாம்பியன்ஸ் லீக் வென்ற எஸ்தெபான் காம்பியாசோவும் ஹாவியர் சனெட்டியும் உலகக் கோப்பைக்கு அழைக்கப்படவே இல்லை. பந்தை நடுகளத்தில் நிறுத்தி ஆட்டத்தின் வேகத்தை ஆளத் தெரிந்த ரிக்கெல்மே, மரடோனாவுடன் ஏற்பட்ட பிணக்கில் 2009 மார்ச்சிலேயே தேசிய அணியிலிருந்து விலகியிருந்தார். அழைக்கப்பட்டிருந்த வெரோன் கேப் டவுன் தொடக்க அணியில் இல்லை. மெஸ்ஸி அந்தத் தொடர் முழுவதும் ஒரு கோலும் அடிக்கவில்லை என்பதை ‘மேதைக்கு மேதையைப் பயிற்றுவிக்கத் தெரியவில்லை’ என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அது வேறாகப் படுகிறது. மெஸ்ஸிக்குச் சுதந்திரம் தரப்பட்டது. பந்து தரத்தான் ஆளில்லை. பந்தைத் தேடி அவர் நடுக்கோடு வரை இறங்கி வந்து ஆடினார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன பிழைகளில் எதுவும் ‘நட்சத்திரப் பிழை’ அன்று. தனக்குப் பிடித்த ஆட்களை நம்புவது, தாக்குதலுக்கு அதிக எடை தருவது, வென்ற அணியை மாற்றத் தயங்குவது ஆகியவை எல்லாப் பயிற்சியாளர்களும் செய்பவை. வேறுபாடு, அவற்றைச் சுட்டிக்காட்டித் திருத்த அருகில் ஒருவர் இருந்தாரா என்பதில் இருக்கிறது. அன்று முதல் மாற்று வீரராகப் பஸ்தோரே களமிறங்கியது 70ஆம் நிமிடத்தில், இரண்டாவது கோல் விழுந்த பிறகு. இடைவேளையில் நடுகளத்துக்கு இன்னொருவரை அனுப்பலாம் என்று யாரேனும் சொன்னார்களா என்பதற்குப் பதிவு இல்லை. சொல்லியிருந்தாலும் அது களத்தில் தெரியவில்லை.

இனி பயிற்சிக் குழு. முந்தைய பயிற்சியாளர் அல்ஃபியோ பசிலே விலகியதை அடுத்து 2008 இறுதியில் மரடோனா நியமிக்கப்பட்டபோது, பயிற்சியாளராக அவருக்கிருந்த அனுபவம் 1990களின் நடுவில் மன்தியூ, ராசிங் ஆகிய கிளப்புகளில் கழித்த குறுகிய காலம் மட்டுமே. உதவியாளர்களாக வந்தவர்கள் எக்தோர் என்ரிகேயும் அலெஹாந்த்ரோ மன்குசோவும். முன்னவர் 1986 உலகக் கோப்பை அணித் தோழர், பின்னவர் 1994 அணித் தோழர். இருவரும் தேசிய அணியைப் பயிற்றுவித்தவர்கள் அல்லர். மரடோனா உதவியாளராகக் கேட்ட ஆஸ்கர் ருகேரியை அர்ஜென்டினா கால்பந்துச் சங்கம் ஏற்கவில்லை. ஆனால் மறுத்த இடத்தில் தேர்ந்த பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தவும் இல்லை. 1986இல் கோப்பை வென்ற பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ மேற்பார்வைப் பொறுப்பில் வைக்கப்பட்டார். அவர் சொல் எவ்வளவு எடுபட்டது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். தொடருக்குப் பின் பிலார்டோ தனக்குத் துரோகம் செய்ததாக மரடோனா வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டியதைப் பார்த்தால், அந்த ஏற்பாடு ஆலோசனை அமைப்பாக இயங்கவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

எச்சரிக்கைகளும் குறைவில்லை. 2009 ஏப்ரல் 1 அன்று லா பாஸில் பொலிவியாவிடம் 6-1 என்ற தோல்வி. உயரமான ஊர் என்று அதைத் தள்ளிவிடலாம். செப்டம்பரில் ரொசாரியோவில் பிரேசிலிடம் 3-1 என்ற தோல்விக்கு அந்தச் சமாதானம் கிடையாது. பெருவுக்கு எதிராகக் கொட்டும் மழையில் பலெர்மோ கடைசி நேரத்தில் அடித்த கோலும், மாண்டிவிடியோவில் பொலாத்தி அடித்த கோலும்தான் அணியை உலகக் கோப்பைக்குள் கொண்டுசேர்த்தன. அதற்குப் பின் கிடைத்த எட்டு மாதங்களில் பயிற்சிக் குழுவை வலுப்படுத்தச் சங்கம் எதுவும் செய்யவில்லை.

கேப் டவுனின் எதிர்ப்பக்க இருக்கையைத்தான் முந்தைய வாசிப்புகள் பார்க்கவே இல்லை. அங்கே அமர்ந்திருந்த யோவாகிம் லோவ் ஜெர்மனியின் முதன்மை தேசிய அணிக்கு ஒருமுறையும் ஆடாதவர். ‘நட்சத்திரமல்லாத பயிற்சியாளர் நட்சத்திரத்தை வென்றார்’ என்று எழுதுவதற்கு இதைவிட வசதியான காட்சி கிடைக்காது. ஆனால் லோவை அந்த இருக்கைக்குக் கொண்டுவந்தவர் யூர்கன் க்ளின்ஸ்மன். 1990 உலகக் கோப்பையை வென்ற முன்கள வீரரான அவர் 2004இல் நியமிக்கப்பட்டபோது அதற்கு முன் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அவ்வகையில் மரடோனாவை விடவும் அனுபவம் குறைந்தவர். அவர் தேடிக்கொண்ட உதவியாளர், ஷ்டுட்கார்ட்டை 1997இல் ஜெர்மன் கோப்பைக்கும் 1998இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதிக்கும் கொண்டுசென்ற லோவ். ஆட்டமுறையை வகுப்பதில் பெரும்பங்கு லோவுடையது என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. 2006இல் மூன்றாம் இடம், பின் லோவின் பதவியேற்பு, நான்கு ஆண்டு கழித்துக் கேப் டவுன். ஆக, அன்று வென்ற அணியின் வேரும் அனுபவமில்லாத நட்சத்திரம் ஒருவரின் நியமனத்திலேயே இருக்கிறது.

இது ஒற்றை நிகழ்வு என்று சொல்ல முடியாது. 1984இல் மேற்கு ஜெர்மனி அணியின் பொறுப்பேற்றபோது பெக்கன்பாவருக்குப் பயிற்சியாளர் உரிமமே இல்லை. அவருக்கெனத் தனிப் பதவிப்பெயர் ஒன்றை உண்டாக்கி, அருகில் முறையான பயிற்சியாளர்களாக முதலில் ஹோர்ஸ்ட் கோப்பலையும் பின்னர் ஹோல்கர் ஒசீக்கையும் ஜெர்மன் சங்கம் நிறுத்தியது. 1985இல் ஷ்டுட்கார்ட்டில் போர்ச்சுகலிடம் தோற்றார். மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கண்ட முதல் தோல்வி அது. 1986 இறுதியில் மரடோனாவின் அணியிடம் 3-2 எனவும், 1988 ஐரோப்பியத் தொடர் அரையிறுதியில் நெதர்லாந்திடமும் தோற்றார். 1990இல் கோப்பை வென்றார்.

சகாலோ, பெக்கன்பாவர், தெஷாம் ஆகிய மூவரும் வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் என்பதை நான் என் வாதத்துக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. மூன்று பேர் ஒரு விதியாக மாட்டார்கள். எதிர்ப்புறத்தில் நிறுத்தப் பிளாத்தினியும் வான் பாஸ்டனும் இருக்கிறார்கள். ஜெர்மன் அணியே உயர்ந்த அணி, யார் பயிற்றுவித்திருந்தாலும் அர்ஜென்டினா தோற்றிருக்கும் என்ற மறுப்பு இங்கே பொருட்படுத்தத் தக்கதன்று. அது உண்மையானால் மரடோனாவைக் குறைசொல்லவும் வழியில்லை. அவருடைய செய்தியாளர் சந்திப்புகள், ஃபிஃபா விதித்த தடை முதலியவற்றை எடுத்து வைப்போர் பேசுவது பண்பைப் பற்றி; பயிற்சியைப் பற்றி அன்று.

ஒரு மறுப்பு மட்டும் கனமானது. மரடோனா போன்ற ஒருவரிடம் ‘இது சரியில்லை’ என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. ஆகவே அந்தப் புகழே தகுதிக்குறைவு என்பது அது. மக்கள் அவரைத் தெய்வமாகவே கொண்டாடிய நாட்டில் இதை எளிதில் ஒதுக்க இயலாது. ஆனால் ஜெர்மனியில் பெக்கன்பாவருக்கு இருந்த செல்வாக்கும் சிறியதன்று. அங்கே மறுத்துப் பேசும் இடத்தைச் சங்கம் பதவியாகவே உருவாக்கியது. தனிமனிதத் துணிவுக்கு விட்டுவைக்கவில்லை. அர்ஜென்டினாவே இதைப் பின்னர் செய்து காட்டியிருக்கிறது. 2018இல் பொறுப்பேற்ற லியோனெல் ஸ்கலோனி நட்சத்திரமும் அல்லர், முன்பு தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரும் அல்லர். அவரைச் சுற்றி ஐமார், அயாலா, சாமுவேல் என்று அவரினும் புகழ்பெற்ற முன்னாள் வீரர்கள் அமர்ந்தனர். 2022இல் கோப்பை வந்தது.

மரடோனாவைப் புகழுக்காக நியமித்தது குற்றமன்று. 2010 ஜூலை இறுதியில், அவர் தொடர வேண்டுமானால் பயிற்சிக் குழுவில் ஏழு பேர் விலக வேண்டும் என்று அர்ஜென்டினா கால்பந்துச் சங்கத் தலைவர் க்ரொண்டோனா நிபந்தனை வைத்ததாக மரடோனாவே சொன்னார்; அவர் இணங்கவில்லை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த நிபந்தனையைச் சங்கம் 2008 நவம்பரில் வைத்திருக்க வேண்டும். கேப் டவுன் தோல்வியில் பெரும்பங்கு அந்தச் சங்கத்தையே சேரும்.