கண்மாயும் ராம்சரும்: ஒரு வரையறையின் பாடபேதங்கள்

ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் வரலாற்றை எழுதுவோர் ஜி.வி.டி. மேத்யூஸ் 1993இல் வெளியிட்ட நூலையே பெரிதும் அடியொற்றுகின்றனர். ஈரநிலப் பாதுகாப்பு இயக்கத்துக்குள் இருந்து எழுதியவர் அவர். மாநாடுகள், வரைவுகள் பற்றிய செய்திகளில் குறை காண இடமில்லை. நான் மாறுபடுவது அவர் வரலாற்றைத் தொடங்கும் இடத்தில். 1962இல் பிரான்சின் தென்கரையில் நடந்த 'மார்' மாநாடு, நீர்ப்பறவைகளைப் பற்றிக் கவலைகொண்ட ஐரோப்பிய அறிஞர்கள், 1971 பிப்ரவரி 2இல் ஈரானின் ராம்சர் நகரில் உடன்பாடு என அவர் சொல்லும் கதை ஒரே வாய்க்காலில் ஓடுகிறது. இதை அப்படியே ஏற்றால், மனிதர் வெட்டிய நீர்நிலைகள் பிற்காலத்தில் போனால் போகிறதென்று சேர்த்துக்கொள்ளப்பட்டவை என்றே தோன்றும்.

உடன்படிக்கையின் முதற்பிரிவு அப்படிச் சொல்லவில்லை. செயற்கை நீர்நிலையும் தற்காலிக நீர்நிலையும் 1971லேயே வரையறைக்குள் வந்துவிட்டன. கிருதுமால் நதியை நம்பியிருக்கும், விருதுநகர் மாவட்டத்து நரிக்குடிப் பக்கத்துப் பாசனக் கண்மாய்க்கு இவ்விரண்டும் பொருந்தும்: கரை மனிதர் போட்டது, வடகிழக்குப் பருவமழையில் பெருகும் நீர் கோடையில் வற்றிவிடும்.

தொடக்கத்தைத் தமிழகத்தில் தேடினால் வேடந்தாங்கல் கிடைக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமானதால் ஊரார் பறவைகளைக் காத்தனர்; அப்படிக் காக்கும் அவர்களின் உரிமையைச் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் ஏற்றார் என்பர். ஆண்டை 1796 என்போரும் உண்டு, 1798 என்போரும் உண்டு. இரண்டுமே பிளேஸின் பதவிக்காலத்துக்குள் அடங்குவதால் ஒன்றைத் தள்ளி மற்றதைக் கொள்ள வலுவான காரணம் இல்லை. எந்த ஆண்டாயினும், 'மார்' மாநாட்டுக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாசன ஏரி பறவைகளுக்காகவும் காக்கப்பட்டிருக்கிறது. சான்று மெலிதுதான். ஆனால் ஆட்சியர் ஏற்றது ஏற்கெனவே நிலவிய வழக்கத்தையே என்பதை மறுப்பது இன்னும் கடினம்.

மேத்யூஸ் காட்டும் போக்கு விரிவை நோக்கியது. இந்திய விதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போக்கு நேர்மாறாக இருக்கிறது. 1982இல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2010ஆம் ஆண்டு ஈரநில விதிகள் ராம்சர் வரையறையை எடுத்துக்கொண்டு, ஏரி, நீர்த்தேக்கம் ஆகியவற்றோடு குளங்களையும் வெளிப்படையாகச் சேர்த்தன. 2017ஆம் ஆண்டு விதிகள் அதே வரையறையைத் திரும்ப எழுதி, வாலில் ஒரு விலக்கை ஒட்டின: பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட அமைப்புகள் ஈரநிலம் ஆகா. ஏழே ஆண்டுகளில் கண்மாய் உள்ளே வந்து வெளியே போய்விட்டது!

இதில் ஒரு முரண் உண்டு. 2022இல் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் ராம்சர் பட்டியலில் ஏறின. இரண்டும் 1989லேயே பறவைகள் சரணாலயங்கள். 2025இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் சேர்ந்தன. கருவேல மரத்தில் கொக்கும் நாரையும் கூடு கட்டிய கண்மாய்க்கு உலக மதிப்பு; மடையும் கலுங்கும் அதே அமைப்பில் உள்ள பக்கத்து ஊர்க் கண்மாய் ஈரநிலமே அல்ல. பறவையை அளவுகோலாக்கிய பழைய வாசிப்பு சட்டத்துக்குள் இப்படித்தான் நீடிக்கிறது என்பது என் கருத்து. விலக்கை எழுதியவர்களின் நோக்கமும் இதுவே என்று சொல்ல மாட்டேன். பாசனப் பணிகளுக்குத் தடை வரக்கூடாது என்ற நிர்வாகக் கணக்காகவும் இருக்கலாம்.

2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்க உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் இட்ட ஆணை, விலக்குப் பெற்ற கண்மாய்களையும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இன்னும் தீராத கேள்வி. 2025 பிப்ரவரியில் தமிழகத்தின் ராம்சர் தலங்கள் இருபது. நரிக்குடி அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.