கல்லை வாசித்தல்: ஒரு புற ஊதா விளக்கும் அரிட்டாபட்டியும்

கல் உள்ளங்கை அளவுதான். ஆனால் கையில் வாங்கியதும் கை கீழே இறங்கியது, அவ்வளவு கனம். கத்தி அலகுகளைச் செருகி வைத்தாற்போல் உலோகப் பளபளப்போடு கறுப்புப் படிகங்கள். அடியில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளையும் பழுப்புமாக ஒரு படிவு. நிலவியல் சொல்லிக்கொடுக்கும் நண்பன் வீட்டு அலமாரியில் இருந்தது. சீனத்தின் ஹூனான் மாகாணத்து யாவ்காங்சியன் சுரங்கத்திலிருந்து கைமாறிக் கைமாறி மதுரைக்கு வந்த கல். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இந்தச் சுரங்கத்துக் கற்களைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள்.

'இப்பப் பாரு மாப்ளே' என்று விளக்கை அணைத்துவிட்டு, கைக்கு அடக்கமான புற ஊதா விளக்கைப் பிடித்தான். கறுப்புப் படிகங்கள் இருட்டோடு இருட்டாகப் போய்விட்டன. அதுவரை நான் பொருட்படுத்தாத அந்த வெள்ளைப் படிவு நீலமாய், குளிர்ந்த வெளிச்சமாய் எரிந்தது. கறுப்பு வுல்பிரமைட், எரிந்தது ஷீலைட். இரண்டிலும் இருப்பது டங்ஸ்டன். பகலில் எதை முக்கியம் என்று பார்த்தேனோ அது மறைந்து, எதை அழுக்கு என்று ஒதுக்கினேனோ அது பேசியது. பிரதிகளை வாசிப்பது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதையெல்லாம் இந்தக் கல் ஒரு நிமிஷத்தில் செய்து காட்டியதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

டங்ஸ்டன் என்றால் சுவீடிஷ் மொழியில் கனமான கல். 1781இல் ஷீலே என்ற வேதியியலாளர் அந்தக் கல்லிலிருந்து ஒரு புதிய அமிலத்தைப் பிரித்தார். கல்லுக்கு ஷீலைட் என்று அவர் பெயரைப் பின்னால் வைத்தார்கள். 1783இல் ஸ்பெயினின் எலூயார் சகோதரர்கள் வுல்பிரமைட்டிலிருந்து உலோகத்தையே எடுத்துவிட்டார்கள். வுல்பிரம் என்ற பெயரில் ஓநாய் இருக்கிறது. உருக்கும்போது தகரத்தைத் தின்றுவிடுகிற கல் என்று ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் இட்ட வசவு அது. அறிவியலின் பெயரகராதிக்குள் தொழிலாளியின் வசவு இப்படி எப்போதாவதுதான் தப்பிப் பிழைக்கிறது.

உருகுநிலை 3422 பாகை. உலோகங்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை. 1910 வாக்கில் கூலிட்ஜ் இதைக் கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு உலகத்தின் குண்டு பல்புகளுக்குள் இதுதான் எரிந்தது. ஆனால் அரசுகள் இதைத் தேடி அலைந்தது வெளிச்சத்துக்காக அல்ல. எஃகோடு சேர்த்தால் கடைசல் பட்டறையில் செஞ்சூட்டிலும் மழுங்காத வெட்டுளி கிடைக்கும். பீரங்கியும் குண்டும் வேகமாகச் செய்யலாம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு பர்மாவின் தவாய் மலைகளை வுல்பிரமைட்டுக்காகத் தோண்டியது. தோண்டியவர்கள் சீனர்களும் இந்தியக் கூலிகளும். இங்கே ராஜஸ்தானில் தேகானாவிலும் அதே வேட்டை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேட்டைக்கு இந்த விளக்கு வந்து சேர்ந்தது. ஷீலைட்டைப் பகலில் சாதாரணக் குவார்ட்ஸ் கல்லிலிருந்து பிரித்தறிவது கஷ்டம். ராத்திரியில் குற்றலைப் புற ஊதா விளக்கோடு நடந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மாலிப்டினம் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். 1896இல் எடிசன் எக்ஸ்ரே பார்க்கும் திரைக்குப் பூசியதும் இதே கால்சியம் டங்ஸ்டேட்தான். உடம்புக்குள் பார்க்கும் கண்ணுக்கும் பூமிக்குள் பார்க்கும் கண்ணுக்கும் ஒரே பொருள். அதிகாரம் எதையெல்லாம் ஊடுருவிப் பார்க்க விரும்புகிறது என்று ஒருவர் தனியாகவே எழுதலாம்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, முக்கியமான கனிமங்கள் என்று 24ஐப் பட்டியலிட்டு, அவற்றின் சுரங்க ஏல உரிமையை ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. டங்ஸ்டன் அதில் ஒன்று. 2024 நவம்பர் 7 அன்று மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க்குக்கு ஏலத்தில் போனதாக அறிவித்தார்கள். பரப்பு 2015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டி இருந்தது.

அரிட்டாபட்டி நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. மேலூர் சாலையில் நரசிங்கம்பட்டியில் திரும்பினால் ஏழு மலைகள். அங்கே குகைத்தளத்தில் தமிழி எழுத்து இருக்கிறது. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் இந்தக் குகையைக் கொடுத்தான் என்பதுதான் செய்தி. பக்கத்து மாங்குளத்து எழுத்துக்களை 1882இலேயே ராபர்ட் சீவல் கவனித்திருந்தார். பல காலம் இவை என்ன மொழி என்றே தெரியாமல் பாலி, பிராகிருதம் என்று தடுமாறினார்கள். 1924இல்தான் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ் என்று வாசித்துக் காட்டினார். நாற்பது வருஷம் கண்ணெதிரே கிடந்தும் வாசிக்கப்படாத கல்! அதற்கும் ஒரு வெளிச்சம் வேண்டியிருந்தது. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சி வெயிலில் அந்த எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. சாய்வெயில் விழும் நேரத்தில் பள்ளங்களில் நிழல் தங்கினால்தான் எழுத்து எழுந்து நிற்கும்.

ஆக ஒரே பகுதிப் பாறைக்கு இரண்டு விளக்கு, இரண்டு வாசிப்பு. ஒன்று சாய்வெயிலில் எழுத்தைப் பார்க்கிறது. மற்றது புற ஊதாவில் தாதுவைப் பார்க்கிறது. முதலாவது நம்முடையது, நல்லது. இரண்டாவது கம்பெனியுடையது, கெட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். 2024 டிசம்பரில் பல மேடைகளில் நாம் அப்படித்தான் சொன்னோம். 'தமிழின் தொன்மையைத் தோண்டாதே' என்று பேசியவர்களில் நானும் ஒருவன். இன்று யோசித்தால் அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது.

டிசம்பர் 24 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் என்ன சொன்னது? பல்லுயிர்ப் பகுதியை விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று பார்க்கும்படி இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது 193.42 ஹெக்டேர். தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எழுத்தும் சிற்பமும் வல்லூறும் உனக்கு, மீதி எனக்கு. தொன்மையை மட்டும் பேசியவனிடம் இதற்குப் பதில் கிடையாது. அவன் கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா?

இது புதிதுமல்ல. மேலூர் வட்டாரத்தில் எழுத்து இல்லாத, சிற்பம் இல்லாத குன்றுகள் என்னவாயின? கிரானைட்டாகச் சதுரம் சதுரமாக அறுபட்டுக் கப்பலேறின. 2012இல் சகாயம் ஆட்சியராக இருந்தபோது அனுப்பிய அறிக்கை வெளியே வந்த பிறகுதான் நமக்கு அந்தக் குன்றுகள் இருந்ததே தெரிந்தது. அப்போது அங்கே தண்ணீர் நிற்கும் குழிகள்தான் மிச்சம். தமிழ் எம்.ஏ. படித்தவன் கண் எழுத்துள்ள கல்லைத்தான் கல் என்று பார்க்கிறது. அதுவும் ஒருவகை விளக்குதான். அது படாத இடமெல்லாம் நமக்கு இருட்டு.

ஊர்க்காரர்கள் இந்தக் கணக்குக்கு வரவில்லை. அவர்கள் பேசியது கண்மாய், ஊற்று, ஒருபோகப் பாசனம், ஆடு மேய்ச்சல், சாமி. மலையில் பெய்த மழை எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே மலையை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டுகிறோம் என்பதை அவர்கள் சலுகையாக எடுத்துக்கொள்ளவில்லை. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் ஒரு தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அங்கே நான் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அப்பத்தா, 'கல்லுல என்ன எழுதிருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா, கம்மாயில தண்ணி இருக்கான்னு தெரியும்' என்றது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அரிட்டாபட்டியில் மகாவீரர் சிற்பத்துக்குக் கீழே பின்னாளைய வட்டெழுத்து ஒன்று உண்டு. மலையின் பெயர் திருப்பிணையன் மலை என்கிறது. செய்வித்தவர் அச்சணந்தி. காவல் யாருடையது என்பதையும் கல் சொல்கிறது: பாதிரிக்குடியார் ரட்சை. கல்வெட்டுப் பாடத்தில் அச்சணந்தி பற்றி இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பாதிரிக்குடியார் யார் என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

நண்பனின் அலமாரிக் கல்லோடு ஒரு சீட்டு இருக்கிறது. கனிமங்களின் பெயர், சுரங்கம், மாகாணம், நாடு எல்லாம் அச்சில் இருக்கின்றன. வெட்டி எடுத்தவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.