கரையில் தணிந்த காய்ச்சல் குன்றில் ஏறியது ஏன்?

1901ஆம் ஆண்டில் கிள்ளான் பட்டணம் மலேரியாவினால் நலிந்து கிடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் காய்ச்சல் பற்றவே, அதனை மூடிவிடும் பேச்சும் எழுந்தது. அவ்வட்டார மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன், கொசுவே நோய்க்குக் காரணம் என்னும் ரொனால்டு ராஸின் முடிவை ஏற்று, காட்டை வெட்டுவித்துச் சதுப்பு நீரை வடியச் செய்தார். காய்ச்சல் தணிந்தது. கரையோரத் தோட்டங்களும் அம்முறையைப் பின்பற்றி நலம் பெற்றன.

குன்றுப்புறத் தோட்டங்களிலோ விளைவு நேர்மாறாயிற்று. காடு வெட்ட வெட்டக் காய்ச்சல் ஏறியது. ஓடையருகே லயங்களில் வாழ்ந்து மாண்டவருட் பலர் தமிழகத்திலிருந்து வந்த பால்மரத் தொழிலாளர்.

காரணம் யாது? கரையோரத்தில் நோய் பரப்பிய அம்புரோசஸ் என்னும் கொசு நிழல் படிந்த தேங்குநீரை நாடுவது. குன்றின் மாக்குலாட்டசோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. மரத்தை வீழ்த்தியவர்கள் அதற்கு வெயிலைக் கொடுத்தார்கள். வெட்டிய திறந்த வாய்க்கால்களும் அதன் தொட்டில்களாயின!

தமக்கு வெற்றி தந்த முறையையே ஐயுற்று, மீண்டும் ஓடையோரம் கூத்தாடிப் புழுக்களைத் தேடிய வாட்சனின் நேர்மை போற்றத்தக்கது. ஊற்றுநீர் மண்ணுக்கடியிற் புதைத்த குழாய்கள் வழியே செலுத்தப்பட்டது. 1914 முதல் நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் தோட்டங்களிற் பரவியது. தெளிக்கும் நாள் தவறினால், கூத்தாடி கொசுவாகிப் பறந்துவிடும்.