நல்லெண்ணெயில் வந்த முடக்கம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நல்லெண்ணெய் வாங்காத தமிழ்க் குடும்பம் அரிது. வீட்டிலே பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் அதன் தேவை பன்மடங்காகிறது. உழுத்தங்களியாயினும் முட்டையாயினும் எண்ணெயில் மிதக்க வேண்டும்; இடுப்புக்கு வலு என்பது பாட்டிமாரின் தீர்ப்பு. இவ்வழக்கத்தை ஏளனஞ் செய்வது நமது நோக்கமன்று. இதே வழக்கத்தின் வழியாக மலையகத்துச் சிறுமியர்க்கு நேர்ந்த கொடுமையைத் தலைநகரத் தமிழர் அறியாதிருப்பதே நம்மை எழுதத் தூண்டியது.

1977, 1978 ஆம் ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் திடீரென்று கால் வழங்காது வீழ்ந்தனர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களின் பிள்ளைகள் அவர்கள். நோயின் பெயரைச் சொல்வது கடினமன்று. கை கால்களுக்குச் செல்லும் நரம்புகள் பழுதுற்றிருந்தன. ஆனால் நரம்பு பழுதுறக் காரணங்கள் எத்தனையோ! சத்துக் குறைவால் வரும் பெரிபெரி உண்டு, சலரோகம் உண்டு, தொழுநோய் உண்டு, ஈயம், பாசாணம் முதலிய நஞ்சுகளும் உண்டு. அதிலும் தோட்டங்கள் 1974 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பெரும் பட்டினியைக் கண்டவை. ஏழையின் நோய்க்குச் சத்துக் குறைவு என்று எழுதிவிட்டு ஏட்டை மூடுவது மிக எளிது.

அவ்வாறு மூடப்படாமல், உண்மைக் காரணம் கண்டறியப்பட்டது. வைத்தியர்களான நிமல் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல் 'லான்செட்' இதழில் அதனை வெளியிட்டனர். நோய் ஏன் இளம்பெண்களையே நாடுகிறது என்ற வினாவுக்கு விடை நரம்பில் இல்லை, சமையலறையில் இருந்தது. பூப்பெய்திய சிறுமியர்க்கும் பிள்ளை பெற்ற தாய்மார்க்கும் தனியே கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயில் டிரை கிரெசைல் பாஸ்பேட் என்னும் நஞ்சு கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் நிரப்பியிருந்த கலங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் அது கலந்திருக்கலாம் என்பது அவர்களது முடிவு.

இந்நஞ்சு எந்திர எண்ணெய்களிற் சேர்க்கப்படுவது. நிறமில்லை, மணமும் இல்லையென்றே சொல்லலாம். உண்டவுடன் பெருந்துன்பம் எதுவும் தோன்றாமலே போகலாம். இரண்டு மூன்று வாரங்களின் பின்னரே கெண்டைக்கால் குடையும், பாதம் தொங்கும், பின்னர் கைகளும் சோரும். உடலின் மிக நீண்ட நரம்புகளையே அது முதலில் அழிக்கிறது. இத்தனை நாள் கழித்து வரும் முடக்கத்தை, சடங்கு வீட்டில் அன்போடு ஊட்டிய உணவோடு எந்தத் தாய்தான் தொடர்புபடுத்துவாள்? அரைவயிற்றுக் கூலியில் மிச்சம் பிடித்து மகளுக்கென்று வாங்கிய எண்ணெயல்லவா அது!

இந்நஞ்சின் கைவரிசையை உலகம் முன்னரே கண்டிருந்தது. 1930 இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்திற் கலந்து பல்லாயிரவரை முடமாக்கிற்று. 1959 இல் மொரோக்கோவில் விமான எந்திர எண்ணெயைச் சமையலெண்ணெயிற் கலந்து விற்றனர் வணிகர். ஏறத்தாழப் பதினாயிரம் பேர் பாதிக்கப்பட்டனர். நமக்குப் பின் 1988 இல் கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியும் சமையலெண்ணெயாலேயே அவதியுற்றது. எங்கும் மலிவான சரக்கை வாங்கும் எளியவரே பெரும்பாலும் வீழ்ந்தனர். கலத்தைக் கழுவும் செலவை மிச்சப்படுத்தியவன் யாரென்று கேட்பது வைத்தியரின் வேலையன்று; அது அரசாங்கத்தின் வேலை.

கைகால் நரம்புகள் ஓரளவு தாமே தேறக்கூடியவை. ஆயின் இந்நஞ்சு முள்ளந்தண்டு நரம்பையும் தாக்குவதுண்டு. அப்பழுது தேறுவது அரிது. பாதத்தில் வலு மீண்ட பின்னரும் கால்கள் விறைத்து, நடை கோணலாகவே நின்றுவிடலாம்.

அன்று பூப்பெய்திய அச்சிறுமியர் இன்று அறுபதை எட்டியோ கடந்தோ இருப்பர். அக்காலத்து மலையகப் பெண்ணொருத்தி கால் விறைக்கிறது, மரக்கிறது என்று கொட்டாஞ்சேனையில் ஒரு வைத்தியர் முன் வந்து அமர்ந்தால், இரத்தத்திற் சீனியைப் பார்ப்பதோடு, பெரியவளான போது வீட்டில் என்ன எண்ணெய் கொடுத்தார்கள், அதன்பின் எத்தனை நாள் நடக்க முடியாமற் கிடந்தாய் அம்மா என்றும் அவர் கேட்க வேண்டும்.